ஹேண்டில் உதறினால் எங்கிருந்து தேடுவது?

நான் முதலில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் வண்டி 150 சிசி, செகண்ட் ஹேண்ட். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வர வாங்கினேன். டோல்கேட் நெருங்கும்போது ஆக்ஸிலேட்டரை விடுவேன் இல்லையா, வேகம் 65-லிருந்து 55-க்கு இறங்கும் அந்தச் சில நொடிகளில் ஹேண்டில் கிடுகிடுவென உதறும். இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும். ஒரு ஒர்க் ஷாப்பில் சொன்னேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கோன் செட் போயிருக்கும் தம்பி" என்றார்கள். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்கைத்தான் அப்படிச் சொல்வார்கள். மாற்றினோம். உதறல் அப்படியே இருந்தது. "அப்போ ஃபோர்க்தான்" என்று, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு குழாய்களின் ஆயில் சீல், ஆயில் எல்லாம் மாற்றினோம். அப்பவும் அப்படியே.

மூன்றாவதாகப் போனது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெரியவரிடம். வண்டியைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். "வேகம் ஏறும்போதா, இறங்கும்போதா? பிரேக் புடிச்சாவா, புடிக்காமலேயா? பின்னாடி ஆள் உக்காந்தா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினார். அப்புறம் எதிர்ப்பக்கமாக. என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் ரம்பப் பல். டயர்தான். அதுவரை கொட்டிய பணத்தில் ஒரு புது டயரே வாங்கியிருக்கலாம்.

புதிதாக ஸ்போர்ட்ஸ் வண்டி எடுத்து, முன்பக்கம் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதிக்கு மேல் கண்ணும் கையும் போதும். ஸ்பேனர் கடைசியில்தான்.

எப்போது ஆடுகிறது?

"வண்டி ஆடுது" என்ற ஒரே பேச்சில் நாலைந்து தனித்தனி வியாதிகளைச் சொல்லிவிடுகிறோம். முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

முன் சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் இடம் வலமாகப் படபடவென்று அடித்தால் அது உதறல். நொடிக்கு 4 முதல் 10 முறை வரை அடிக்கும், எண்ண முடியாது. அலைச்சல் வேறு. அதில் வண்டி முழுக்க, முக்கியமாகப் பின்பக்கம், மீன் வாலை ஆட்டுவதுபோல மெதுவாக அசையும். நொடிக்கு 2 முதல் 4 முறை. பெரும்பாலும் அதிக வேகத்தில்தான் வரும். சீட்டுக்குப் பின்னால் பாரம் கட்டியிருந்தால் முன்னதாகவே வந்துவிடும். உதறல் என்றால் முன்னாலும் அலைச்சல் என்றால் பின்னாலும் தேடத் தொடங்குங்கள். இது கல்வெட்டு இல்லை, தொடங்குவதற்கு ஒரு இடம், அவ்வளவுதான்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஹேண்டில் நடுங்கி, லீவரும் விரலில் துடித்தால் டிஸ்க்கைப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும்தான் உதறுகிறது, மற்ற இடத்தில் இல்லை என்பவர்கள், அங்கே தாங்கள் விடாமல் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். டிராஃபிக்கில் நடை வேகத்தில் வண்டி நேராகப் போக மறுத்து, குடித்தவன் மாதிரி இடமும் வலமும் தள்ளாடினால் பெரும்பாலும் கோன் செட் டைட். எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக்.

இன்னொன்று, எல்லா நடுக்கமும் சக்கரத்திலிருந்து வருவதில்லை. ஓடும்போது கிளட்சைப் பிடித்து ஆர்பிஎம்மை இறக்குங்கள். நடுக்கம் போய்விட்டால் அது இன்ஜின் அதிர்வு. ஹேண்டில் முனையில் இருக்கும் பார் எண்ட் வெயிட்டை அழகுக்காகக் கழற்றிவிட்டு, கை மரத்துப்போகிறது என்று புலம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரும்புத் துண்டின் வேலையே அதிர்வை அடக்குவதுதான்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேகம், ஆக்ஸிலேட்டர் திறந்திருந்ததா மூடியிருந்ததா, பிரேக், ரோடு எப்படி, பின்னால் ஆள் உண்டா. ஒரு வாரம் எழுதினாலே விடை பாதி தெரிந்துவிடும்.

என் வண்டி ஏன் சரியாக 60 பக்கத்தில் உதறியது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 100/80-17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.85 மீட்டர். 60 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. டயரில் ஒரு மேடு இருந்தால் நொடிக்கு 9 முறை தட்டும். முன்பக்கம் இயல்பாகவே உதறும் தாளமும் அதே 4-லிருந்து 10-க்குள்தான். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி, இரண்டும் சேர்ந்தால் ஆட்டம் வளர்கிறது. 80-ல் சக்கரம் 12 சுற்று, தாளம் தப்பிவிடுகிறது, உதறலும் நிற்கிறது. அதனால் "80-க்கு மேல போனா சரியாயிடுது" என்று யாராவது சொன்னால், வண்டி சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சோதித்துப் பார்க்க என்எச் 44 பக்கம் போகாதீர்கள். பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது ஹேண்டிலைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது, அது பக்கத்தில் கடக்கும்போது அடிக்கும் காற்றே வண்டியை ஆட்டிவிடும். மெதுவான சோதனைக்கு, வீடே இல்லாமல் தார் ரோடு மட்டும் போட்டு வைத்திருக்கும் மனை லேஅவுட்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. 60, 65 வரை போய்ப் பார்க்க, ஞாயிறு விடிந்ததும் ஆளில்லாத நேரான ரோடு ஒன்றைப் பிடியுங்கள். கையை முழுசாக விட வேண்டாம். பிடியைத் தளர்த்தி, உள்ளங்கை கிரிப்பில் பட்டும் படாமலும் இருந்தால் போதும். ஹெல்மெட், கிளவுஸ், ஷூ இல்லாமல் இந்தச் சோதனையே வேண்டாம்.

காற்றும் டயரும்

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம். காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) அல்லது செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரில் இருக்கும், இல்லையென்றால் மேனுவலில் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் தர்மபுரியிலிருந்து ஓடிவந்து நிறுத்திய டயரில் மூன்று நாலு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள். ஒரு பங்க்கில் 28 காட்டும் டயர் அடுத்த பங்க்கில் 33 காட்டுவது நமக்குப் புதிதா என்ன? "டைட்டா அடிச்சா மைலேஜ் குடுக்கும்" என்று சொல்லி ஏற்றிவிடும் கடைகளும் உண்டு. முன் டயரில் காற்று குறைந்தால் ஹேண்டில் கனமாகி வண்டி அலையும். கூடினால் சின்னக் கல்லுக்கும் துள்ளும்.

அடுத்து தேய்மானம். பெரியவர் செய்த உள்ளங்கைச் சோதனையை இரண்டு டயரிலும் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத அலைகூடக் கைக்குத் தெரியும். பின் டயரைப் பின்னால் குனிந்து பாருங்கள். நெடுஞ்சாலையில் தினமும் நேராகவே ஓடும் வண்டிகளில் நடுப்பகுதி சப்பையாகி, டயர் வட்டமாக இல்லாமல் பெட்டி மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட டயரோடு பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தின் வளைவுகளில் சாய்த்தால், முதலில் சாய மறுக்கும், அப்புறம் சட்டென்று விழும். புதியவர்கள் அதை முன்பக்கக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாந்துபோகிறோம், ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். சுழலும் திசைக்கான அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தப் பகுதியில் பலரும் தவறவிடுவது டயர் ரிம்மில் உட்கார்ந்த விதம். ரிம் விளிம்பை ஒட்டி டயரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோடு ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போய் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பஞ்சர் போட்ட அல்லது டயர் மாற்றிய மறுநாளிலிருந்து வண்டி குதிக்கிறது என்றால், வேறு எதையும் தொடும் முன் இதைப் பாருங்கள். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றினாலே பல நேரம் சரியாகிவிடும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டைப் பின்னால் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துக் கார் ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கலாம். சைலன்சர் பைப், ஆயில் டிரெயின் போல்ட் இரண்டின் மேலும் பாரம் விழக்கூடாது. கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்து வண்டியைச் சாய்த்தால் ஃபேரிங் என்ற வெளி உறையின் விலையைக் கேட்டு அழ வேண்டியிருக்கும்.

ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி, முனை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாக 1 அல்லது 2 மி.மீ. பள்ளத்தில் இறங்கி அடிபட்ட அலாய் சக்கரத்தைச் சூடுகாட்டித் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார்கள். முன் சக்கரத்துக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வராது. விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ரிம்மில் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் வெயிட் விழுந்திருந்தால் அங்கே மட்டும் சதுரமாகச் சுத்தமான தடம் தெரியும். பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்றால் வீல் பேரிங். பிரேக் பிடித்து விட்ட பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

கோன் செட்

நம்மூரில் ஹேண்டில் சம்பந்தப்பட்ட எல்லாப் பழியும் இதன் மேல்தான் விழும். பாதி நேரம் நியாயமாகவும் விழும். ஃப்ரேமின் கழுத்துக்குள் ஹேண்டில் திரும்புவதற்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்கும் பேரிங்தான் கோன் செட். இது லூஸானால் ஒரு வியாதி, டைட்டானால் இன்னொரு வியாதி, பள்ளம் விழுந்தால் மூன்றாவது.

லூஸா என்று பார்க்க வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கீழ்த் தகடும் ஃப்ரேம் கழுத்தும் சேரும் இடைவெளியில் இடது கை விரலை வையுங்கள். வலது கையால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். தட்டுவது அந்த விரலுக்குத் தெரிந்தால் கோன் செட் லூஸ். சத்தம் மட்டும் கேட்டு விரலுக்கு எதுவும் தெரியவில்லையென்றால் பிரேக் பேடோ ஃபோர்க்கின் புஷ்ஷோ தட்டுகிறது. இந்த ஒரு விரல்தான் எனக்கு முதலிலேயே தெரியாமல் போன விஷயம்.

மற்ற இரண்டுக்கும் முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பியிருக்க வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு விரலால் லேசாகத் தள்ளுங்கள். அதன் எடையிலேயே கடைசி வரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பாதியில் நின்றால் டைட், அல்லது கேபிள் எங்கோ இழுக்கிறது. சரியாக நடுவில் வந்ததும் டக்கென்று ஒரு குழியில் உட்கார்ந்த மாதிரி நின்றால், பேரிங்கின் பால்கள், அவை உருளும் வளையமான ரேஸில் அச்சுப் பதித்துவிட்டன. வண்டி நேராகப் போகும்போது பால்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதாலும், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் அங்கேயே விழுவதாலும் இப்படி ஆகிறது. இதை முறுக்கிச் சரிசெய்ய முடியாது. பால், மேல் கீழ் ரேஸ் எல்லாமே செட்டாக மாற்ற வேண்டும். பாலை மட்டும் மாற்றி கிரீஸ் வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஃபோர்க்

இரண்டு குழாயிலும் ஆயில் கசிகிறதா, துருப்புள்ளி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். ஆயில் வழிந்து டிஸ்க்கில் பட்டிருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. மேல் கிளாம்பிலிருந்து இரண்டு குழாயும் ஒரே உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

நின்ற இடத்தில் வண்டி விழுந்தாலோ சின்னதாக எங்காவது மோதினாலோ, எதுவும் வளையாமலேயே ஃபோர்க் கிளாம்புக்குள் முறுக்கிக்கொள்ளும். நேராகப் போகிறோம், ஆனால் ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இதுதான். ஆக்ஸிலையும் கீழ் கிளாம்பையும் தளர்த்தி, நேராக்கி, மேனுவலில் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். ரென்ச் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

முன்பக்கத்தை இறக்கினால் ஷோவாக இருக்கும் என்று குழாய்களைக் கிளாம்பில் மேலே ஏற்றிவிடுபவர்கள் உண்டு. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள், அது திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொடும். அதனால்தான் தள்ளிய திசைக்குத் தானே திரும்புகிறது. பைக்கிலும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் 90, 100 மி.மீ. அளவில் இருக்கும். முன்னால் இறக்கினாலும் பின்னால் ஏற்றினாலும் அது குறையும். வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் நேராக நிற்கும் குணம் போய்விடும். கம்பெனி வைத்த இடத்துக்கே திருப்பிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பின்பக்கமும் பாருங்கள்

முன்னால் உதறுவதற்குப் பின்னால் காரணம் இருக்கும் என்பதை நான் நம்பியதே இல்லை, ஒரு நண்பனின் வண்டியில் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து கிடந்ததைப் பார்க்கும் வரை. வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் வைத்து, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்து ஆட்டிப் பாருங்கள். அசைவு இருந்தால், பேரிங்கிலா ஸ்விங் ஆர்ம் மூட்டிலா என்று கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

செயின் டைட் செய்யும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்கு வைக்காமல் விட்டால் பின் சக்கரம் கோணலாக உட்காரும். கோடுகளையும் முழுக்க நம்ப வேண்டாம், கொத்தனார் மாதிரி நூல் பிடித்துப் பாருங்கள். பின் டயரின் பின்புறத்தைச் சுற்றி நூலைப் போட்டு, இரண்டு நுனியையும் இருபுறமாக முன் சக்கரத்துக்கு அப்பால் கொண்டுபோய், பின் டயரின் முன் விளிம்பையும் லேசாகத் தொடும்படி இழுத்துக் கட்டுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். யமஹா ஆர்15-ல் பின் டயர் அகலம் 140 மி.மீ., முன் டயர் 100 என்பதால் முன் டயருக்கும் நூலுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 மி.மீ. வரும். நம் ஓசூரில் செய்யும் டிவிஎஸ் ஆர்ஆர் 310-ல் 150, 110, அதே 20-தான். ஒரு பக்கம் 27, மறுபக்கம் 13 என்று வந்தால் சக்கரம் கோணல்.

பாரமும் பிடியும்

மாம்பழ சீசனில் ஊரிலிருந்து இரண்டு பெட்டி செந்தூராவைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு ஓசூர் திரும்பும்போது ஹேண்டில் லேசாகி ஆடினால் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்கும் பாரம் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது. பெட்டியை முன்னால் தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போட்டுவிடுங்கள்.

குனிந்து ஓட்டும் வண்டியில் புதியவர்கள் முழு எடையையும் மணிக்கட்டில் போட்டு ஹேண்டிலை நெரிக்கிறார்கள். தோளின் ஒவ்வொரு அசைவும் சக்கரத்துக்குப் போகிறது. முட்டியால் டேங்கைப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வண்டியைக் குறை சொல்லலாம். ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் சொல்வார்கள். அது காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரி. காரணத்தைக் கண்டுபிடிக்கும் முன் போட்டால் காரணம் மறைந்துதான் போகும்.

ஓடும்போதே பலமாக உதறத் தொடங்கினால்? முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டிலோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். டேங்கை முட்டியால் இறுக்கி, கைப்பிடியைத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரைப் படக்கென்று மூடாமல் மெல்ல மெல்லக் குறையுங்கள். படித்தால் சுலபம், அந்த நேரத்தில் கை எதிராகத்தான் போகும். அதனால்தான் சின்ன உதறலிலேயே தேடச் சொல்கிறேன்.

கடைசியாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் "அண்ணா, 60-ல ஆக்ஸிலேட்டர் விட்டா உதறுது, பிரேக் புடிச்சா இல்ல, காத்து சரியா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். கோன் செட் புதிதாகப் போட்டவர்கள் ஒரு 500 கி.மீ. ஓடியதும் அந்த விரல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். புது ரேஸ் உட்கார்ந்ததும் கொஞ்சம் லூஸ் விடும். என் வண்டியில் தேவையே இல்லாமல் மாற்றிய கோன் செட்டும் அப்படித்தான், புது டயர் போட்டு உதறல் நின்ற அடுத்த வாரமே பிரேக் பிடித்தால் டக்கென்றது. விரலை வைத்துப் பார்த்தேன், தெரிந்தது. அந்த முறை ஒர்க் ஷாப்புக்குப் போகவில்லை.